பேத்தியின் ஒரு மாதம், தாத்தாவின் ஒரு வருஷம்

2025 மே மாதம், ஒரு மத்தியான நேரம். சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டியிருந்தது. எதிர் சீட்டில் ஒரு பெரியவர். ஜன்னலோரத்தில் அவருடைய பேத்தி, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். ஐந்து வயது முடிந்து நாலு நாள் ஆகிறது என்று அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். எண்ணூரில் இருந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "வந்துடுச்சா தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், அனுப்பம்பட்டில் கேள்வியை மாற்றினாள்.

"ஸ்கூல் எப்ப தாத்தா தொறப்பாங்க?"

"இன்னும் ஒரு மாசம் இருக்குடி கண்ணு."

"அய்யோ, அவ்ளோ நாளா!"

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு மாசம் அவ்ளோ நாளாம். நான் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆவுது தம்பி. நேத்து மாதிரி இருக்குது."

சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் 33 வருஷம் வேலை பார்த்தவர். 1990-ல் சேர்ந்து, 58 வயதில் வெளியே வந்திருக்கிறார். போன மாதம்தான் அறுபதாம் கல்யாணம். அவர் பிறந்த விசுவாவசு வருஷம், அறுபது பெயர்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இந்தச் சித்திரையில் திரும்ப வந்திருக்கிறது. அவருக்கு 60, அவளுக்கு 5. இப்படி இரண்டு எண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்குமா? டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

ஐந்து வயது என்றால் 60 மாதம். பேத்தி பூமியில் இருந்ததே மொத்தம் 60 மாதம்தான். அவளுக்கு ஒரு மாதம் என்பது வாழ்நாளில் 1/60. தாத்தா இருந்தது 60 வருஷம். அவருக்கு ஒரு வருஷம்தான் 1/60. ஆக, பேத்தியின் ஒரு மாதம் தாத்தாவின் ஒரு வருஷத்துக்குச் சமம். அவளுடைய ஒரு நாள் அவருக்குப் பன்னிரண்டு நாள். அவளிடம் "பொங்கலுக்கு சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்று மே மாதத்தில் சொல்வது, அவரிடம் "பி.எஃப். பணம் எட்டு வருஷத்தில் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற மாதிரி. அவர் என்ன பேசுவார் என்று யோசித்துப் பார்த்தால், குழந்தை தரையில் புரண்டு அழுவது அவ்வளவு அநியாயமாகத் தெரிவதில்லை.

இந்தக் கணக்கு என் கண்டுபிடிப்பு இல்லை. 1877-ல் பால் ஜானே என்ற பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் இதை எழுதி வைத்தார். பத்து வயதுப் பையனுக்கு ஒரு வருஷம் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது வயதுக்காரருக்கு ஐம்பதில் ஒரு பங்கு. அதனால்தான் வயது ஏற ஏற வருஷம் சுருங்குகிறது என்பது அவர் வாதம். எளிமையான வாதம்தான். ஆனால் இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்கும். பங்குக் கணக்கில் பார்த்தால் 5 வயதிலிருந்து 10 வயது வரை போன காலமும், 10-லிருந்து 20 வரை போனதும், 20-லிருந்து 40 வரை போனதும், 40-லிருந்து 80 வரை போவதும் ஒரே அளவு. ஒவ்வொன்றும் ஒரு இரட்டிப்பு, அவ்வளவுதான். எண்பது வயது வரை ஒருவர் இருப்பார் என்று வைத்துக்கொண்டால், ஐந்துக்கும் எண்பதுக்கும் நடு எது? இருபது! ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கம்பெனி வாசலில் ட்ரெய்னியாக அடையாள அட்டை வாங்கும் பையன், உணர்ந்து வாழ்வதில் பாதியை ஏற்கெனவே முடித்துவிட்டான்.

ஏன் ஐந்தில் ஆரம்பிக்கிறேன், பிறந்ததிலிருந்து ஆரம்பித்தால் என்ன என்று கேட்கலாம். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இந்தக் கணக்கு நிற்காது. பிறந்த முதல் நாள், அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் அந்த ஒரே நாள்தான். அதற்கு முந்தைய நொடிகளுக்குப் போனால் பங்கு எகிறிக்கொண்டே போய் முடிவிலியில் முட்டும். ஜானேயின் விதியில் இருக்கும் பெரிய ஓட்டை இது.

அந்த ஓட்டையை அடைத்தவர் தத்துவக்காரரோ மனநல மருத்துவரோ இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் எந்தக் கெமிக்கல் கம்பெனியில் நுழைந்தாலும் தென்படுகிற ரகத்து ஆள். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் லெம்லிக். நுரையை வைத்துக் கரைசலில் இருந்து பொருள்களைப் பிரித்தெடுப்பதில் பெயர் வாங்கியவர். 1975-ல் ஒரு சின்னத் திருத்தம் சொன்னார். ஒரு வருஷத்தை மனம் எதோடு ஒப்பிடுகிறது? காலண்டர் காட்டும் வயதோடா, இதுவரை வாழ்ந்ததாக அதற்கே தோன்றும் காலத்தோடா? இரண்டாவதுதான் நியாயம் என்றார் அவர். அப்படிப் போட்டால் விகிதத்துக்குப் பதில் அதன் வர்க்கமூலம் வருகிறது. தாத்தாவுக்கும் பேத்திக்கும் வயது விகிதம் 12; அதன் வர்க்கமூலம் சுமார் மூன்றரை. பேத்தியின் ஒரு மாதம் தாத்தாவுக்கு ஒரு வருஷமில்லை, மூன்றரை மாதம். கேட்கவே கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. மாணவர்களிடமும் பெரியவர்களிடமும் "உங்கள் பாதி வயதில் காலம் எவ்வளவு வேகமாகப் போனது, கால் வயதில் எப்படி?" என்று கேட்டுப் பார்த்தார்; விடைகள் அவர் கணக்குக்குப் பக்கத்தில் வந்தன. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கில் பூஜ்யத்திலிருந்தே தொடங்கலாம், அப்படித் தொடங்கினாலும் எண்பது வருஷ வாழ்வின் பாதி மறுபடி இருபது வயதில்தான் வந்து நிற்கிறது. நாற்பதில் 71 சதவீதம் காலி. எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது. மேலே கணக்குப் போடவில்லை.

சரி, மனம் ஏன் கழித்துப் பார்க்காமல் வகுத்துப் பார்க்கிறது? இது காலத்துக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. ஒரு கிலோ துவரம்பருப்புப் பையில் கால் கிலோ கூடினால் கை உடனே சொல்லிவிடும். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையில் கால் கிலோ கூடினால் தூக்குகிறவருக்குத் தெரியாது. எவ்வளவு கூடியது என்பதைவிட, இருந்ததில் எத்தனை பங்கு கூடியது என்பதுதான் உடம்புக்குப் புரிகிறது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வேபர் 1830-களில் எடைகளைத் தூக்க வைத்து இதைக் காட்டினார்; 1860-ல் குஸ்தாவ் ஃபெக்னர் அதை மடக்கைக் கணக்காக மாற்றினார். வெளிச்சம், சத்தம் எல்லாமே ஏறக்குறைய இந்த வழியில்தான் போகின்றன.

காலத்தில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் போகலாம். கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியை எடுத்தார். அதே வருஷம் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். பின்னால் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே வருஷக்கணக்கில் தோண்டி, அங்குள்ள மிகப் பழைய கற்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள். வேறு விதமான, சின்னச் சில்லுகளாகப் பெயர்த்துச் செய்த கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வந்துவிட்டன என்பது 2018-ல் தெரிந்தது.

இப்போது அந்த 15 லட்சத்தை நான் தவறுதலாக 14 லட்சம் என்று எழுதியிருந்தால் நீங்கள் நிமிர்ந்து பார்த்திருப்பீர்களா? நான் விட்ட பிழை ஒரு லட்சம் ஆண்டு. தமிழில் எழுத்து என்று ஒன்று கிடைக்கும் காலத்தை முப்பது தடவை அடுக்கினாலும் அந்த ஒரு லட்சம் நிறையாது. ஆனால் மதியம் 2 மணிக்கு முடிய வேண்டிய ஷிப்ட் 4 மணிக்கு முடியும் என்று சூப்பர்வைசர் சொன்னால் மொத்த ஷெட்டும் முறைக்கும். எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கால் பங்கு. 15 லட்சத்தில் ஒரு லட்சம், பதினைந்தில் ஒரு பங்கு; கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது.

இந்த விகிதக் கணக்கு உண்மையிலேயே வேலை செய்கிற ஓர் இடம் கும்மிடிப்பூண்டியிலேயே உண்டு. அங்கிருக்கும் இலங்கைத் தமிழர் முகாம். 1990-ல் இலங்கையில் போர் மறுபடி மூண்டபோது படகேறி வந்தவர்களை மண்டபத்தில் இறக்கி, அங்கிருந்து பல மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். சண்டை அடங்கியதும் திரும்பிப் போகலாம் என்று தற்காலிகமாக வந்தவர்கள். 2021-ல் தமிழக அரசு முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 1990-லிருந்து 2025 வரை 35 வருஷம். காலண்டருக்கு எல்லோரிடமும் ஒரே 35. ஆனால் நாற்பது வயதில் படகேறியவருக்கு இன்று 75. முகாம் அவர் வாழ்வில் பாதிக்கும் குறைவு. பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு 45. ஐந்தில் நாலு பங்கை நெருங்குகிறது. வந்த வருஷமே இங்கே பிறந்த குழந்தைக்கு 35-ல் 35. "ஊர்" என்று சொன்னால் அந்த முதியவருக்கு மன்னாரோ திருகோணமலையோ, மகளுக்கு இரண்டும் கலந்து, இங்கே பிறந்த மகனுக்குக் கும்மிடிப்பூண்டி. "தற்காலிகம்" என்ற சொல்லை ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் மூன்று அளவில் கேட்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள ஜானேயை விடச் சிறந்த கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அந்தக் கருவியைத் தாத்தாவிடம் காட்டியபோது அவர் ஒரே வாக்கியத்தில் அதை மடக்கிவிட்டார். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கணக்குப் புரிந்தது. "சரிதான் தம்பி. ஆனா ஷிப்ட்டு நவுறவே நவுறாது. சர்வீசுதான் எப்ப முடிஞ்சுதுன்னே தெரியல."

இதற்கு விகிதத்தில் பதில் கிடையாது. வயது ஏற ஏறக் காலம் சுருங்கும் என்றால் எட்டு மணி நேரமும் சேர்ந்துதானே சுருங்க வேண்டும்? இருபத்தைந்து வயதில் எட்டு மணியாக இருந்த நைட் ஷிப்ட், ஐம்பத்தெட்டில் மூன்றரை மணி மாதிரி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. "ராத்திரி மூணு மணிக்கு மேல கடியாரத்துல முள்ளு ஒட்டிக்கும்" என்றார். வெளியே இருட்டு, உள்ளே ஃபர்னஸ் வெளிச்சம், ஒரே சத்தம், ஒரே சூடு. காலை ஆறு மணிச் சங்குக்காகக் காது காத்திருக்கும். 25 வயதிலும் அப்படித்தான், 58 வயதிலும் அப்படித்தான்.

அளந்து பார்த்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். 1990-களில் பீட்டர் மேங்கன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனதுக்குள் நொடிகளை எண்ணி மூன்று நிமிஷம் ஆனதும் சொல்லும்படி கேட்டார். இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள் 3 நிமிஷம் 3 நொடியில் சொன்னார்கள். அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் இருந்தவர்கள் 3 நிமிஷம் 40 நொடி எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் இருக்கிறது, அதுவும் எதிர்பார்த்த திசையில்தான்: முதியவர்களின் உள்கடிகாரம் மெதுவாக ஓடுவதால் வெளி உலகம் வேகமாகப் போகிறது. ஆனால் அளவைப் பாருங்கள். வயது விகிதப்படி மூன்று மடங்காவது வந்திருக்க வேண்டும். வந்தது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்தான். நிமிஷக் கணக்கில் ஜானே தோற்றுப்போகிறார்.

மணிக்கணக்கில்? அங்கே ஒரு விநோதம் காத்திருக்கிறது. ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் யூர்கன் ஆஷோஃப், சூரியனும் கடிகாரமும் எட்டாத நிலவறைகளில் ஆட்களை வாரக்கணக்கில் தங்கவைத்தார். நம் ஊரில் எம்.கே. சந்திரசேகரன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதே மாதிரி ஒரு தனிமைக் கூடத்தை அமைத்து மனித உடலின் கடிகாரத்தை ஆராய்ந்தார். அப்படி இருப்பவர்களின் நாள் 24 மணியைத் தாண்டி நீளும். சிலருக்கு மிகவும் நீண்டுவிடும், அவர்களுக்கே அது தெரியாது. ஒரு மணி நேரம் ஆனதாகத் தோன்றும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார் ஆஷோஃப். விழித்திருக்கும் நேரம் எத்தனை மடங்கு நீண்டதோ, அவர்கள் "ஒரு மணி நேரம்" என்று நினைத்ததும் ஏறக்குறைய அதே மடங்கு நீண்டது. நொடிகளையும் ஓரிரு நிமிஷங்களையும் கணிக்கச் சொன்னபோது அந்த நீட்சி வரவில்லை. மணி நேரத்தைத் தங்கள் பகலின் பங்காகவே அளந்திருக்கிறார்கள், நொடியை வேறு எதையோ கொண்டு அளந்திருக்கிறார்கள்.

நம் பஞ்சாங்கத்துக்கு இது புதிதில்லை. ராகு காலம் ஒன்றரை மணி நேரம் என்று தினசரி காலண்டர் அச்சடிக்கிறது. முறையாகப் பார்த்தால் அது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையிலான பகலில் எட்டில் ஒரு பங்கு. நம் பக்கத்தில் அது மார்கழியில் சுமார் 85 நிமிஷம், ஆனியில் சுமார் 97 நிமிஷம். ராகுவும் விகிதக்காரர்தான்.

தாத்தாவின் வாக்கியத்தில் மீதிப் பாதி பாக்கி இருக்கிறது. நகராத ஷிப்ட்டுகளைக் கூட்டினால் எப்படி ஓடிப்போன சர்வீஸ் வருகிறது? வருஷத்துக்கு 300 ஷிப்ட் என்று வைத்தால் 33 வருஷத்தில் 9,900. "அதில் எத்தனை ஷிப்ட் தனித்தனியா ஞாபகம் இருக்குது, ஐயா?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். முதல் நாள், செருப்புப் போட்டுக்கொண்டு போனதற்கு ஃபோர்மேன் திட்டி அனுப்பியது. சிவக்கச் சிவக்க வந்த கம்பி ஸ்டாண்டை விட்டு எகிறி, ஷெட் கூரை வரை பாம்பு மாதிரி சுருண்டது. மகள் பிறந்த செய்தி கேட் வாட்ச்மேன் வழியாக வந்த ராத்திரி. 2015 மழையில் இரண்டு நாள் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஒன்பதாவது விரலில் நின்றுவிட்டார். அந்த ஒன்பதிலும் நாலு, சேர்ந்த முதல் வருஷத்தில் நடந்தவை.

காத்திருக்கும்போது மனம் நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் நேரம் நீளுகிறது. திரும்பிப் பார்க்கும்போது அது நேரத்தைப் பார்ப்பதில்லை. என்னென்ன நடந்தது என்று எண்ணுகிறது. ஒன்றுபோலவே இருந்த மூவாயிரம் நைட் ஷிப்ட்டுகளும் ஞாபகத்தில் ஒரே நைட் ஷிப்ட்டாக மடிந்துவிடுகின்றன. முன்னே பார்த்தால் நீளம், பின்னே பார்த்தால் ஒன்றுமில்லை. வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் தன் உளவியல் நூலில் ஜானேயின் விதியை மேற்கோள் காட்டிவிட்டு, வருஷங்கள் சுருங்குவதன் காரணம் ஞாபகத்தில் ஒரே மாதிரியான நாள்கள் குவிவதுதான் என்றார். எனக்கு ஜேம்ஸ் பக்கம்தான் சாய்வு. விகிதம் எவ்வளவு சுருங்குகிறது என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்கிறது. ஏன் என்பதை அந்த ஒன்பது விரல்கள் சொல்கின்றன.

2005-ல் ஆய்வாளர்கள் மார்க் விட்மனும் சாண்ட்ரா லேன்ஹாஃபும் 14 வயதிலிருந்து 94 வயது வரை சுமார் 500 பேரிடம் கேட்டார்கள். போன வாரம் எப்படிப் போனது, போன மாதம், போன வருஷம்? வேகமாகப் போனது என்று எல்லா வயதினரும் சொன்னார்கள். பள்ளிப் பையனுக்கும் பாட்டிக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. "போன பத்து வருஷம்?" என்று கேட்டபோதுதான் வயது எட்டிப் பார்த்தது, அதுவும் லேசாக. ஜானே சொன்ன மாதிரி ஐந்து மடங்கு, பத்து மடங்கு எதுவும் இல்லை.

பேத்தியின் மே மாதம் நீளமாக இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவளுக்கு இந்த ரயிலே புதுசு. அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்து ஒரு கேள்வி, ஆரணியாற்றுப் பாலத்தில் ஒரு கேள்வி, சரக்கு ரயில் எதிரே போனபோது பெட்டிகளை எண்ணி, நாற்பதுக்கு மேல் எண்ணத் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து. தாத்தா இந்தத் தடத்தில் எத்தனை ஆயிரம் தடவை வந்திருப்பார்!

கவரைப்பேட்டையில் சிக்னலுக்காக நின்றோம். சரி, மேங்கன் சோதனையை இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. மூன்று நிமிஷம் பேத்தி தாங்கமாட்டாள். ஒரு நிமிஷம் போதும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், ஒரு நிமிஷம் ஆனதாகத் தோன்றினால் "முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும். செல்போனில் நொடி ஓடவிட்டேன். இருவரும் கண்ணை மூடினார்கள். அவள் இறுக்கமாக, மூக்கெல்லாம் சுருங்க.

"முடிஞ்சுது!"

22 நொடி.

தாத்தா அசையவில்லை. கை இரண்டும் மடியில். 60 ஆனது, 70 ஆனது. மேங்கனின் முதியவர்கள் கணக்குப்படி 73-ல் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. எதிர்த் தடத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போனது. எங்கள் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுக் கிளம்பியது. அப்போதுதான் அவர் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருப்பதையும், மூச்சு சீராக வருவதையும் பார்த்தேன்.

கும்மிடிப்பூண்டி பிளாட்பாரம் வந்ததும் பேத்தி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"தாத்தா, எந்திரி தாத்தா. ஒரு நிமிஷம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு."